கழற்றி வைத்த கதவு

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கத்திரி வெயிலின் உக்கிரத்தில் மனிதனும் யந்திரமும் ஒருங்கே வாடிக்கொண்டிருந்த வேளையில், என் தமக்கையின் மகன் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிய கையோடு என் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கதவையும் கழற்றிவிட்டான். "மாமா, உள்ள காத்தே போகல. இதை இப்படியே தொறந்து போட்டுட்டு டேபிள் ஃபேனை இந்தப் பக்கம் திருப்பி வைங்க, ஜில்லுனு ஆயிடும்" என்று தீர்ப்புக் கூறி, ஒரு டம்ளர் மோரையும் குடித்துவிட்டு அவன் போய்விட்டான். அந்த டேபிள் ஃபேன் எனக்காக வாங்கியது. அதன் காற்றின்மீது எனக்கிருந்த பாத்தியதை ஒரே வாக்கியத்தில் ரத்தாகிவிட்டது.

ரிச்சி தெருவில் கடைகடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி, வாங்கிய சாமான்களைக் கொண்டு நானே பூட்டிய யந்திரம் அது. காற்றை உள்ளிழுக்க முகப்பில் இரண்டும், வெளியே தள்ளப் பின்புறம் ஒன்றுமாக 120 மில்லிமீட்டர் விசிறிகள் மூன்று இருக்கின்றன. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே, மேற்கொண்டு தம்படி செலவின்றி உஷ்ணத்தைத் தணிக்க ஓர் உபாயம் உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் கதவைப் பற்றி ஒரு வார்த்தை.

வாங்கி வந்த தினத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு கற்பூர ஆரத்தி கண்ட அந்தத் தகடு, முதல் கோடை முடிவதற்குள் பதவி இழந்து, பீரோவுக்குப் பின்னால் சுவரோடு சுவராகச் சாய்க்கப்பட்டு, உடைந்த கேரம் போர்டு, போன வருஷத்துக் காலண்டர் ஆகியவற்றின் சகவாசத்தில் எஞ்சிய ஆயுளைக் கழிப்பது நம் இல்லங்களில் சர்வசாதாரணம். பீரோவுக்குப் பின்னால் இடமில்லாத வீடுகளில் அதற்கு வேறு உத்தியோகங்கள் கிடைக்கின்றன. அரிசி மூட்டைக்கு ஈரம் ஏறாமல் அடியில் படுத்திருக்கும் கதவை நான் பார்த்திருக்கிறேன். மொட்டை மாடியில் வடகம் சுமந்து நிற்கும் கதவையும் பார்த்திருக்கிறேன். "தகரம் நல்லா சூடு பிடிக்குதுங்க, ஒரே நாள்ல காஞ்சிடுது" என்று அந்த வீட்டு அம்மாள் பெருமையோடு கூறினார். உஷ்ணத்துக்கு உடந்தை என்று வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரு பொருள், அதே குணத்துக்காக மாடியில் புகழ் பெறுவதைக் கண்டு நான் வாயடைத்து நின்றேன். துளையிட்ட கதவாக இருந்தால் சமையலறை ஜன்னலில் கொசுவலை கிழிந்த இடத்தில் கம்பியால் கட்டப்படுகிறது. கண்ணாடிக் கதவென்றால் அந்தஸ்து உயர்ந்து டீப்பாயின் மேற்பலகையாகிறது. அதன்மேல் காப்பியை வைத்துக்கொண்டு, "சிஸ்டம் ரொம்ப ஹீட் ஆகுது சார்" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்ட நண்பர் ஒருவர் இருக்கிறார்.

அதன் திருகாணிகளின் சரித்திரம் தனி. ஊக்கு, பொத்தான், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி இவற்றோடு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் அவை வாசம் செய்கின்றன. கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் போடும் நாளன்றுதான் கடைக்காரர், "டோர் எங்க சார்?" என்று கேட்கிறார். குடும்பமே கட்டிலுக்கடியிலும் பரணிலும் தேடுகிறது. வடகத்தோடு சேர்த்துக் கதவை அடுத்த தெரு நாத்தனார் வாங்கிக்கொண்டு போனது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கடைக்காரர் அதற்கென்று ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறார். ஒரு வார்த்தை என்றேன். கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது.

முகப்பு விசிறி இழுக்கும் காற்று கிராபிக்ஸ் கார்டையும் பிராசஸரின் ஹீட்சிங்கையும் கடந்து, அவற்றின் சூட்டை ஏற்றுக்கொண்டு, பின்புற விசிறி வழியாக வெளியேற வேண்டும் என்பதே காபினட்டின் ஏற்பாடு. கரையை வெட்டிவிட்டு, வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையே என்று புலம்பும் மிராசுதாரரின் காரியந்தான் கதவைக் கழற்றுவது. கழற்றினால் சில டிகிரி இறங்குகிறதே என்பீர்கள். இறங்கும், மறுக்கவில்லை. அது கதவின் குற்றமன்று. முகப்பு முழுவதும் கண்ணாடியைப் பதித்து, ஓரத்தில் விரல் நுழையாத சந்து ஒன்றை மாத்திரம் காற்றுக்கு விட்டு, உள்ளே வானவில் வர்ணங்களில் விளக்கெரியும் விசிறிகளைச் சுழலவிட்டு விற்கிறார்களே, அந்த ஆடம்பரத்தின் குற்றம். போதாக்குறைக்கு அந்தக் காபினட்டை மூன்று புறமும் பலகை அடைத்த கம்ப்யூட்டர் மேஜையின் பொந்துக்குள் தள்ளுகிறோம். பின்னால் வெளியேறிய அனல் பலகையில் மோதி, முகப்புக்கே திரும்பி வந்து சேருகிறது.

அப்புறம் தூசி. முகப்பில் வலை வடிகட்டி உண்டு. திறந்த பக்கத்தில் என்ன உண்டு? சில மாதங்கள் கழித்து ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் பழைய டூத்பிரஷ்ஷை விட்டு நெம்பிப் பாருங்கள்: சாம்பல் நிறப் படலம் ஒன்று கிழியாமல் முழுசாக உரிந்து வரும், தலைமுடி ஒன்று, கொசுவின் இறகு ஒன்று அதில் ஒட்டியிருக்கும். அந்தப் படலம் படிந்த பிறகு டேபிள் ஃபேன் என்ன, புயலே வந்து வீசினாலும் பிரயோஜனமில்லை. மேலும், விசிறி காற்றை நகர்த்துமேயன்றிக் குளிரச் செய்யாது. அறையில் 38 டிகிரி என்றால் காபினட்டுக்குள் அதற்குக் கீழே இறங்க எந்த விசிறியாலும் ஆகாது. இக்காலத்துப் பிராசஸர்களில் பல, 95 அல்லது 100 டிகிரியை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் விவேகம் படைத்தவை. என் மருமகனுக்கு அப்படியொரு ஏற்பாடு கிடையாது.

விசிறியே வேண்டாமென்று பிடிவாதம் பிடித்த பெரிய மனிதரும் உண்டு. 1980-இல் வெளிவந்த ஆப்பிள் 3 கம்ப்யூட்டரில் விசிறியின் இரைச்சல் கூடாதென்று ஸ்டீவ் ஜாப்ஸ் விதித்துவிட்டார். யந்திரம் தகித்தது, சில்லுகள் தத்தம் இருக்கையிலிருந்து எழும்பிக்கொண்டன. மேஜையிலிருந்து சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சரியாகிவிடும் என்று கம்பெனியே யோசனை சொல்லும்படி ஆயிற்று. இந்த வைத்தியம் என் மருமகன் காதுக்கு இன்னும் எட்டாதது என் பூர்வ புண்ணியம்.

உபாயத்துக்கு வருகிறேன். விசிறியின் சட்டத்தில் குறுக்குக் கரங்கள் தெரியும் பக்கமே பெரும்பாலும் காற்று வெளிப்படும் பக்கம். மூன்று விசிறிகளையும் அதைப் பார்த்து... ஆனால் கதவே இல்லாத காபினட்டுக்கு இதையெல்லாம் உபதேசித்து என்ன பயன்? ஆகையால் வாசகர்கள் முதலில் தத்தம் கதவைத் தேடியெடுத்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பின் மாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். திருகாணி தொலைந்திருந்தால் கடையில் பெரிய மரை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், சி.டி. டிரைவுக்குப் போடும் பொடி மரை ஆணி இதற்குச் சேராது.