செட்டு தயார், கதைதான் இல்லை

உலகம் அழிந்த பிறகு என்ன மிஞ்சும் என்று காட்ட ஜப்பானிய அனிமேக்காரர்கள் ஆயிரக்கணக்கில் படம் வரைய வேண்டியிருக்கிறது. கோலார் தங்கவயலில் அந்தச் செலவு மிச்சம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் குழியைத் தண்ணீருக்கு விட்டுவிட்டார்கள். மேலே துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களும், காற்றடித்தால் கண்ணுக்குள் வரும் சயனைடு மண்மேடுகளும் மிஞ்சின. பிரசாந்த் நீலின் 'கே.ஜி.எஃப்' (2018) இந்த மண்ணிலேயே செட்டுப் போட்டு, சுரங்கத்துக்கு நராச்சி என்று பெயர் வைத்து, ஒரு தாடியை மட்டும் கவனமாக வளர்த்தெடுத்தது.

படம் பறக்கிறதே என்பார்கள். பறப்பது கத்தரிக்கோல், நாயகன் எவ்வளவு பெரிய ஆள் என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பிக்கிறார், கதை நின்ற இடத்திலேயே மூச்சு வாங்குகிறது. சினிமா என்ன ஆவணப்படமா என்பது இன்னொரு வாதம். சரி, கற்பனைக்கே வருவோம். 1902-லேயே சிவனசமுத்திரத்து மின்சாரம் வந்துசேர்ந்த ஊர்; 1965-இல் பாதாளத்தில் கருவி வைத்து விஞ்ஞானிகள் நியூட்ரினோவின் தடம் பிடித்த ஊர். அங்கே போய் சுத்தியலைச் சுழற்றுவதற்குக் கற்பனை எதற்கு? பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) வட ஆற்காட்டுத் தமிழர்களை நினைத்துப் பார்த்தது, நியாயம். ஆனால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டோடு, மாய மூட்டத்துக்குள் நின்றுகொண்டது. விடியுமுன் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டியபின் திரும்பும் சுரங்கத் தொழிலாளியின் பேரனுக்கு இரண்டிலும் ஒரு காட்சிகூட இல்லை.