சூதியல்: கொங்குப் படலம்

கொங்கு நாட்டுச் சூது நால்வகைப்படும்: கால் உடையது, எண் உடையது, ஏலம் உடையது, திரை உடையது.

கால் உடையது சேவற்கட்டு. பொங்கலுக்கு அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசில் காண்க.

எண் உடையது லாட்டரி. தமிழகம் 2003-ல் தடைசெய்தது. தடை வாளையாறு வரை செல்லும், அதற்கப்பால் டீயும் கேரளச் சீட்டும் சட்டப்படி கிடைக்கும். சீட்டின் கடைசி மூன்று எண்மேல் கள்ளத்தனமாய்ப் பந்தயம் கட்டும் 'மூணு நம்பர்' லாட்டரியின் கள்ளப்பிள்ளை. கோவையில் பதிவான லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் 1,368 கோடி ரூபாய்க்குத் தேர்தல் பத்திரம் வாங்கி நாட்டிலேயே முதலிடம் பெற்றது 2024-ல் வெளிவந்தது. பெயரில் 'கேமிங்' இருப்பதால் அதைத் திரைச்சூதில் சேர்ப்பாரும் உளர், பிழை.

ஏலம் உடையது சீட்டு. சூதே அல்ல என்று வீதியே சத்தியம் செய்யும், சீட்டுப் பிடிக்கிற அக்கா ஓடிப்போகும் வரை. விடுக்க.

திரை உடையது ஆன்லைன் ரம்மி. திருப்பூரில் பவர் டேபிளில் தைப்பவரும் கோவை சரவணம்பட்டி ஐ.டி. இளைஞரும் 2025 வரை இதில் ஒரே மேசையில் அமர்ந்தனர். இதுவே சமூகநீதி என்று கம்பெனிக்காரர் சொல்லியிருப்பார். விளம்பரத்துக்கு நடிகர் கிடைத்துவிட்டதால் தேவைப்படவில்லை.

இது திறனா, அதிர்ஷ்டமா? விழுந்த சீட்டை நினைவில் வைக்கவேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறனாட்டம் என்றது 1967-ல் உச்ச நீதிமன்றம். அந்தக் கல்லில் தடுக்கி 2021-ல் தமிழகத்தின் தடைச்சட்டம் விழுந்தது. ரம்மியில் பணம் இழந்தோரின் தற்கொலைச் செய்திகள் நிற்கவில்லை. தெருவில் ஆர்ப்பாட்டம், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசுக் குழு, 2023-ல் மறுபடி சட்டம். அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடையிலிருந்து கழற்றிவிட்டது.

அற்றேல், தோற்றவனை எங்கே வைப்பது எனின்: அதிர்ஷ்ட ஆட்டத்தில் தோற்றவன் பாவம், திறனாட்டத்தில் தோற்றவன் மக்கு. என்னை? கற்றுக்கொண்டு ஆடியிருக்கலாமே ஆகலான். இப்படி ஒரு பாகுபாட்டைக் கடனில் நிற்பவன் வீட்டுத் திண்ணையில் எவரும் கண்டுபிடிக்க மாட்டார். கம்பெனி வக்கீலுக்குத்தான் வாய்க்கும். அடகுக்கடை ரசீதில் 'திறனால் போன வளையல்' என்று தனிக்கட்டம் கிடையாது.

நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடலாகாது என 2025-ல் தமிழகம் விதித்தது. நைட் ஷிஃப்ட்காரருக்குப் பகல் இருக்கிறது என்பது விதியில் இல்லை. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறனோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டினால் தடை என்று சட்டம் இயற்றியது. கிட்டத்தட்ட 58 ஆண்டுத் தருக்கம் ஒரு வரியில் போயிற்று.

கால் உடையதும் திரையேறும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சான்று: அங்கே ஆன்லைன் சேவற்கட்டைப் பெருக விட்டு, 2022-ல் அதிபரே நிறுத்தச் சொன்னார். இதைப் பூலாம்வலசில் யாரும் சொல்லவேண்டாம்.