லக்சம்பர்க் பார்த்த பெரியவர்

சைதாப்பேட்டையில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும், மகனையோ மகளையோ பார்க்க அயல்நாடு சென்று, விசா அனுமதித்த கடைசி நாள்வரை அங்கே தங்கித் திரும்பி, பெட்டியில் ஒட்டிய விமானச் சீட்டைக்கூடக் கிழிக்காமல் பரண்மேல் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற கனவான் ஒருவராவது இருப்பார். இவர்களுள் அமெரிக்கா போய் வந்தவர்களால் பிறருக்கு அதிக உபத்திரவம் இல்லை. அங்கே பெரும்பாலான ஊர்களில் காரில்லாமல் வாசற்படி தாண்ட முடியாதாகையால், மாப்பிள்ளை அழைத்துப்போன இடங்களுக்கு மேல் அவர்களிடம் சரக்குக் கிடையாது. ஆனால் ஐரோப்பாவின் சின்னஞ்சிறு தேசம் ஒன்றுக்குப் போய், பஸ்ஸிலும் ரயிலிலும் தன்னந்தனியாக அதை அளந்துவிட்டு வந்தவர் இருக்கிறாரே, அவர் தனி ரகம். அந்த ரகத்திலும் சிரேஷ்டர், லக்சம்பர்க் பார்த்தவர்.

அந்தத் தேசத்தின் மொத்தப் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சியை ஆறு முறை அடுக்கினால் ஏறக்குறைய சரியாகிவிடும். ஜனத்தொகை ஏழு லட்சத்தை எட்டவில்லை. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 முதல் அங்கே பஸ், டிராம், ரயில் மூன்றிலும், குடிமகன், வந்தேறி, விருந்தாளி என்ற பேதமின்றி எவருக்கும் கட்டணம் கிடையாது. ரயிலில் முதல் வகுப்பில்தான் அமர்வேன் என்று பிடிவாதம் செய்பவர் மட்டும் பணம் கொடுக்கவேண்டும். உத்தியோக காலம் முழுவதும் பனகல் மாளிகையில் பிறருடைய பயணப்படிப் பட்டியல்களைச் சிவப்பு மையால் வெட்டித் தள்ளியே காலட்சேபம் செய்த ஒரு சூப்பிரண்டை, மகளின் பிரசவத்தை முன்னிட்டு 90 நாள் விசாவில் கொண்டுபோய், இப்பேர்ப்பட்ட ராஜ்யத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். வீட்டில் குழந்தை தூங்குகிறது, இரைந்து பேசக்கூடாது. பத்தியம் சமைக்க மனைவி இருக்கிறார். காலைக் காப்பி ஆனதும், மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தேச சஞ்சாரத்துக்குக் கிளம்பிவிடுவார்.

வடகோடியிலுள்ள துருவாவியர்ஜ் ஸ்டேஷனுக்குத் தலைநகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆகவே காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் ஒரு தேசத்தின் எல்லையைத் தொட்டுத் திரும்பிவிடலாம் என்ற உண்மை அவருக்கு அளித்த ஆனந்தம் சொல்லத் தரமன்று. தலைநகரில் பள்ளத்திலுள்ள பேட்டையிலிருந்து மேட்டுக்கு ஏற, 71 மீட்டர் உயரத்தில் கண்ணாடி லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அதற்கும் காசில்லை என்று தெரிந்ததும், மேலே ஒரு காரியமும் இல்லாதிருந்தும் ஏறினார். கீழேயும் ஒரு காரியமும் இல்லாமையால் இறங்கினார். வியாண்டன் என்ற ஊரின் புராதனக் கோட்டையைக் காண பஸ்ஸில் போனார்; உள்ளே நுழைய மட்டும் கட்டணம் உண்டென்று அறிந்து, கோட்டைகளை வெளியிலிருந்து பார்ப்பதே அழகு என்ற முடிவுக்கு வந்து அடுத்த பஸ்ஸில் திரும்பினார். ஒருநாள் வடக்கே போன ரயிலில் கண்ணயர்ந்து, துருவாவியர்ஜையும் தாண்டி, பெல்ஜியத்தின் முதல் ஸ்டேஷனில் போய் விழித்தார். இனாம் என்பது எல்லைக்கோட்டோடு சரி. அங்கே பரிசோதகரிடம் என்ன பேசினார், எவ்வளவு கொடுத்தார் என்ற அத்தியாயம் மட்டும் அவருடைய பிரசங்கங்களில் இடம்பெறுவதில்லை. நமக்கு அது அவர் மனைவியின் வாயிலாகக் கிடைத்தது.

ஏ. கே. செட்டியார் காலத்தில் உலகம் சுற்றியவர்கள் ஊர் திரும்பிப் புத்தகம் எழுதினார்கள். வேண்டாதவர்கள் வாங்காமல் இருந்துவிடலாம். நம்மவரோ பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுகிறார். டிராம் வண்டியை நாம் 1953-ல் ஒழித்தோம், அவர்களும் 1964-ல் ஒழித்தார்கள், ஆனால் 2017-ல் புத்தி வந்து மறுபடி ஓட்டிவிட்டார்கள் என்று தொடங்குவார். டிக்கெட் விற்று அவர்களுக்கு வந்த பணம் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதை வசூலிப்பானேன் என்று விட்டுவிட்டார்கள் என்று கணக்கு வைப்பார். ஜனத்தொகை விகிதத்தில் கார்கள் மிக அதிகமுள்ள ஐரோப்பிய நாடுகளில் அதுவும் ஒன்று, அதனால்தான் இந்த ஏற்பாடு என்று முடிப்பார். "அப்ப கார் கொறஞ்சிடுச்சா தாத்தா?" என்று கல்லூரிப் பையன் எவனாவது கேட்டுவிட்டால், அந்தச் சமயம் பார்த்து அவருடைய பஸ் வந்துவிடும்.

பஸ்ஸுக்குள் ஏறினாலும் சிக்கல்தான். இறங்குமிடம் வருமுன் கம்பியிலுள்ள பொத்தானை அமுக்கினால் வண்டி நிற்கும் என்ற ஐரோப்பியப் பழக்கம் இன்னும் விரல் நுனியைவிட்டுப் போகாததால், ஒவ்வொரு கம்பியாகத் தடவிக்கொண்டே வருவார்.

"இன்னா சார், கம்பியத் தடவிக்கினே வர்றே? டிக்கெட் வாங்கிட்டியா?" என்பார் கண்டக்டர்.

"ஸ்டாப் வருவதற்கு முன்னால் பட்டனை அமுக்கவேண்டும் அப்பா. லக்சம்பர்க்கில் அப்படித்தான்."

"இங்க நான்தான் சார் பட்டன். எங்க எறங்கணும், சொல்லு."

ஒரு விசிலுக்கு நின்று, இரண்டு விசிலுக்குப் புறப்படும் நம் ஊர் ஏற்பாட்டில், அமுக்கவும் பழுதாகவும் எதுவும் இல்லையென்பதை அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். சைதாப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நின்றாலும், கதவுக்குப் பொத்தான் எங்கே என்று ஒரு கணம் தேடுவார். மூடவே மூடாத கதவுக்குப் பொத்தான் எதற்கு என்று பின்னாலிருக்கும் கூட்டம் அவரை உள்ளே தள்ளி விளக்கும்.

இந்த மகாத்மியத்துக்கெல்லாம் அடங்காதவர் வீட்டிலேயே ஒருவர் உண்டு. "என்னங்க, நான் 2021-லேர்ந்து மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் பிங்க் பஸ்ஸுல காசு குடுக்காமத்தான் போயிட்டு வரேன். அதுக்காகத் தெருவுல யாரையாவது நிறுத்தி வெச்சுப் பேசினேனா?" என்று அந்த அம்மாள் ஒருநாள் கேட்டார். சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசாங்கம் அந்த வருஷம் மே மாதத்தில் உத்தரவிட்டது பெரியவருக்குத் தெரியாததல்ல. ஆயினும், இங்கே டிக்கெட் என்று ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார்கள், அங்கே அதுவும் இல்லை என்று ஒரு நுட்பமான பேதத்தை எடுத்துக்காட்டிவிட்டு, பேச்சைச் சுண்டைக்காய் வற்றலுக்கு மாற்றிவிட்டார்.

அறுபது வயது கடந்த சென்னைவாசிகளுக்கு மாநகர் பஸ்ஸில் மாதம் 10 இலவச டோக்கன் கொடுக்கிறார்கள். தேசம் முழுவதையும் இனாமாகச் சுற்றியவனுக்கு மாதம் பத்தா என்று அவர் ஏளனம் செய்தது வாஸ்தவமே. ஆனால் ஆறு மாத டோக்கன்களைச் சேர்த்துக் கொடுக்கும் நாளில், ஆதாரும் ரேஷன் கார்டும் போட்டோவும் மூன்று பிரதிகள் எடுத்துக்கொண்டு, சைதாப்பேட்டை பணிமனை வரிசையில் முதல் ஆளாக நின்றவரும் அவரே. அவற்றையும் கிட்டத்துப் பிரயாணங்களில் வீணாக்குவதில்லை. அண்டை நிறுத்தத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்தே போவார். டோக்கன் தாம்பரத்துக்கு.

அவரிடம் 18ஏ எங்கே நிற்கும், கடைசி வண்டி எப்போது என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். சைதாப்பேட்டையில் அவரைவிடத் துல்லியமாகச் சொல்பவர் கிடையாது. ஆனால் கோர்ட்டில் வாய்தா இருப்பவர்களும், குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரக் கிளம்பியவர்களும், "வெளிநாடு போயிருந்தீங்களாமே?" என்று மட்டும் விசாரிக்காதிருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.