புகைபோக்கி சாஸ்திரம்

பெஞ்சமின் பிராங்க்ளின் 1785-ஆம் ஆண்டில், கடற்பிரயாணத்தினிடையே, புகை கக்கும் புகைபோக்கிகளின் ரோகங்களை வகைப்படுத்தி அவற்றுக்குச் சிகிச்சையும் கூறும் நீண்ட கடிதமொன்றை எழுதினார்; பதினோராண்டு கழித்து ரம்ஃபோர்டு பிரபு, கணப்பின் கழுத்தைச் சுருக்கினாலே போதும் என்றார். அடுப்பூதிக் கண் சிவந்தவர்கள் இருவர் வீட்டிலும் வேறு யாராகவோ இருந்திருக்க வேண்டும்.

நம் தேசத்துக்கும் அந்தப் பரோபகாரம் தாமதமாகவேனும் வந்து சேர்ந்தது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, மண்ணடுப்பில் வரிசையாகப் பாத்திர வாய்கள் அமைத்து, அனல் அவற்றினடியில் தவழ்ந்து குழாய் வழியே கூரைக்கு மேல் வெளியேறும்படி செய்து, இழுவையை அடக்க ஒரு தடுப்புத் தகடும் பொருத்தி, 1953-இல் அதை விளக்கிப் புத்தகமும் வெளியிட்டார். உத்தமமான யோசனை, பழுதொன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் அவ்வாண்டில் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்துக்குட்பட்டிருந்த வடசேரியின் அடுக்களைகளில், ஆடிச் சாரலில் நனைந்த கொதும்பையும் சிரட்டையையும் ஒருசேரத் திணித்து எரிக்கும் சம்பிரதாயத்தை அந்தக் குழாய் எங்ஙனம் அறியும்? புகையோ ஓட்டிடுக்கு வழியே இலவசமாக வெளியேறியதோடு, பரணில் கிடந்த விதைகளுக்குப் பூச்சி அண்டாமல் காவலும் புரிந்துகொண்டிருந்தது.

1983-இல் மத்திய சர்க்கார் தேசிய அளவிலேயே அடுப்புத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. குழாயில் கரி அடைத்தால் துடைப்பவர் யார் என்னும் அற்ப விஷயம் மட்டும் பெரும்பாலும் இல்லத்தரசிகளின் சிரத்தைக்கு விடப்பட்டது. கூரை ஏறும் ஏணிக்கும் மானியம் உண்டா என்று எந்தப் பாட்டியாவது கேட்டிருந்தால், விண்ணப்பத்தாளில் அதற்குரிய கட்டத்தைத் தேடி உத்தியோகஸ்தர்கள் சிரமப்பட்டிருப்பார்கள்.