வாங்குவதற்கு முன் தடவிப் பார்க்க ஒரு மேசை

பெறுநர்:
குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: செயற்கை நுண்ணறிவுச் சரக்கைச் சோதித்துப் பார்த்து வாங்க வசதி கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, பயன்படுத்தாதவர் பிழைக்க மாட்டார் என்று அரசுகள் எங்களிடம் போதுமான அளவு சொல்லிவிட்டன. பயமுறுத்தும் வேலை செவ்வனே முடிந்தது. அதற்கு முதலில் நன்றி. 2024 மார்ச் 7 அன்று ஒன்றிய அமைச்சரவை ‘இந்தியாஏஐ’ இயக்கத்துக்கு ஐந்தாண்டுகளுக்கென்று 10,371.92 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. அதில் ஆயிரக்கணக்கில் ஜிபியு என்னும் கணிப்புச் சில்லு உண்டு, தரவுத் தளம் உண்டு, ஸ்டார்ட்அப்புகளுக்கு நிதி உண்டு, திறன் பயிற்சி உண்டு. குறை சொல்ல மனம் வரவில்லை. ஜிபியு கடுமையாகச் சூடாகுமாம். மழைக்காலத்தில் தோல் காயவைக்கவாவது உதவும். ஆனால் பத்துப் பதினைந்து பேரை வைத்து ஜாப் ஒர்க் ஓட்டும் வாணியம்பாடி டேனரிக்காரர் எதிரிலோ, ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துக் கொடுக்கும் ஆம்பூர்ப் பட்டறைக்காரர் எதிரிலோ ஒரு விற்பனையாளர் மடிக்கணினியோடு வந்து உட்காருகிறார். அவர் சொல்வது மெய்யா என்று இவர்கள் எங்கே போய்க் கேட்பது? இந்தக் கேள்விக்குத்தான் விழா மேடைகளில் நேரம் கிடைப்பதில்லை.

விற்க வருவது பெரும்பாலும் மூன்று சரக்கு. தோலைக் கேமராவில் பார்த்துத் தரம் பிரிப்பது ஒன்று. ஓட்டையும் கீறலும் படாமல் அப்பர் துண்டுகளை நெருக்கி அடுக்கி வெட்டு போட்டுத் தருவது ஒன்று. பையருக்கு மின்னஞ்சல், இன்வாய்ஸ், வரிச் சந்தேகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் உரையாடல் செயலி ஒன்று. முதலாவதை எடுத்துக்கொள்வோம், காசு போவதும் வருவதும் அங்கேதான். பதனிட்டுக் காய்ந்து, மேல்பூச்சு மட்டும் பாக்கியிருக்கும் கிரஸ்ட் நிலைக்கு வந்த ஆட்டுத்தோல் செலக்‌ஷன் மேசையில் விழுகிறது. வடக்கு வெளிச்சம் விழும் ஜன்னலோரம் செலக்டர் அதை விரிக்கிறார், தடவுகிறார், மடக்கிப் பார்க்கிறார், பின்பக்கம் திருப்புகிறார், இன்ன தரம் என்று ஓரத்தில் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது பட்ட கத்தி, நரம்போட்டம், மேல்பரப்புத் தளர்வு என ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. தளர்வு சும்மா பார்த்தால் தெரியாது. மடக்கினால்தான் சுருக்கம் காட்டும். கேமரா மடக்காது.

விற்பனையாளரின் தாளில் ‘99 சதவீதத் துல்லியம்’ என்று இருந்தால், எதில் 99 என்று கேட்கத் தெரிய வேண்டும். பொருளில் உள்ள குறையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களைச் சோதிக்க உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்தாளும் படத்தொகுப்பு ஒன்று உண்டு. மியூனிக்கின் எம்விடெக் நிறுவனம் 2019-ல் வெளியிட்டது. அதிலுள்ள பதினைந்து வகைகளில் தோலும் ஒன்று. ஆய்வுக் கட்டுரைகளில் தோலுக்கு 99-ஐத் தாண்டிய மதிப்பெண் இன்று சாதாரணம். ஆனால் அந்தத் தோலில் உள்ள குறைகள் ஐந்தே வகை: நிறக்கறை, வெட்டு, மடிப்பு, பசை, குத்து. உண்ணிக்கடி இல்லை. அம்மைத் தழும்பு இல்லை. 2022-ல் நாடெங்கும் மாடுகளைப் பிடித்தாட்டிய தோல் கழலை நோயின் வடு அதில் இருக்க வழியே இல்லை. எம்விடெக் மீது குற்றமில்லை, அவர்கள் அதை எங்கள் மண்டிக்காகச் செய்யவில்லை. அந்த மாதிரி மதிப்பெண்ணை எங்கள் மண்டிக்குத் தூக்கிவந்து யாராவது காட்டினால், வித்தியாசம் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் முறையீடு.

இன்னும் அடியில் ஒரு சிக்கல் கிடக்கிறது. 99 சதவீதம் சரி என்றால் யாருடைய சரியோடு ஒப்பிட்டு? அனுபவசாலி செலக்டர்கள் இருவர் ஒரே கட்டைப் பிரித்தாலும் எல்லாத் தோலிலும் ஒத்துப்போக மாட்டார்கள். மூன்றாம் தரத்துக்கும் நான்காம் தரத்துக்கும் நடுவில் நிற்கும் தோல், கிராக்கி உள்ள நாளில் மூன்றாவது, மந்தமான நாளில் நான்காவது. இயந்திரம் எந்த நாளில் பாடம் படித்தது? தவிர, நூற்றுக்கு ஒரு பிழை என்பது எல்லாப் பிழையையும் ஒரே விலையில் எண்ணும் கணக்கு. நல்ல தோலைக் கீழே தள்ளினால் நட்டம் டேனரிக்குள்ளேயே தங்கும். கெட்ட தோலை மேலே ஏற்றினால் சில மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து கிளெய்ம் வரும், அடுத்த ஆர்டர் வராது. இந்த இரண்டு பிழைகளையும் பிரித்துக் காட்டாத எந்தச் சதவீதமும் டேனரிக்காரருக்குப் பயன்படாது.

உரையாடல் செயலி பற்றி இவ்வளவு பேச வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 1,000 ரூபாய் வரை 12, அதற்கு மேல் 18. பழைய பாடத்தோடு நின்றுபோன செயலி பழைய விகிதத்தைத்தான் சொல்லும், அதுவும் துளித் தயக்கமில்லாமல். ஆம்பூர் எந்த மாவட்டம் என்று கேட்டால் வேலூர் என்று சொன்னாலும் சொல்லும். 2019 நவம்பர் 28 முதல் அது திருப்பத்தூர் மாவட்டம். (இந்தப் பிழையை மன்னித்துவிடலாம், எங்களில் பாதிப்பேர் இன்னும் வேலூர் என்றுதான் சொல்கிறோம்.) வரிப் பிழையை மன்னிக்கும் அதிகாரி இன்னும் பிறக்கவில்லை.

இதையெல்லாம் தொழில் செய்கிறவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று துறை நினைத்தால், வரலாறு குறுக்கே நிற்கிறது. 1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரைப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைச் சுருக்கி, முழுதாக முடித்த சரக்கை நோக்கி அரசு இந்தத் தொழிலைத் தள்ளியது. அதுவரை பதனிட உதவிய ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பின்னுக்குப் போயின, குரோமியம் முன்னுக்கு வந்தது. வேகமும் மென்மையும் அந்நியச் செலாவணியும் கிடைத்தது உண்மைதான். கழிவுநீர் எங்கே போய்ச் சேரும் என்ற கணக்கை மட்டும் அப்போது யாரும் போட்டுப் பார்க்கவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, பாலாறு கெடுவதை எதிர்த்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நாட்டுக்குச் சொன்னதே அந்தத் தீர்ப்புதான். 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. செயலி ஆற்றைக் கெடுக்காது என்பீர்கள். சரி. வாங்கச் சொல்பவர் ஒருவர், பில் கட்டுபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

இதே அரசு இயந்திரம் ஒழுங்காகச் செய்த காரியமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவர்களாவோம். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்டுவந்த பென்டாகுளோரோஃபீனாலுக்கு 1989-ல் ஜெர்மனி தடை போட்டது. 1994-ல் சில அசோ சாயங்களின் முறை. அப்போது யாரும் எங்களுக்கு வேதியியல் விழிப்புணர்வு வாரம் நடத்தவில்லை. 1948-ல் தொடங்கி அடையாறில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சோதித்துக் கொடுத்தது, பதிலுக்கு எதைப் போடலாம் என்று சொன்னது. பெரிய டேனரிகளோடு சின்ன டேனரிகளும் கரையேறின. தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று 2015 மே முதல் ஐரோப்பா கட்டுப்பாடு போட்டபோதும் பேசியது ஆய்வக அறிக்கைதான், ரசாயனக் கம்பெனியின் வண்ணத் துண்டறிக்கை அல்ல. தக்காளிக் கடைத் தராசுக்கே முத்திரை வைக்கிற நாடு இது. தோலின் பரப்பை அளக்கும் கருவிக்கென்று ஓஐஎம்எல் என்னும் பன்னாட்டு அளவியல் அமைப்பு ‘ஆர் 136’ என்று தனி வரையறையே வைத்திருக்கிறது. தோல் எத்தனை சதுர அடி என்று சொல்லும் கருவிக்கு ஒரு வரையறை. அதே தோல் என்ன தரம் என்று சொல்லப்போகும் கருவிக்கு அதன் விற்பனையாளரின் சத்தியம்.

சோதனை என்ற எண்ணமும் தமிழக அரசுக்குப் புதிதல்ல. 2020-ல் வெளியிட்ட பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையில் ‘டீப்-மேக்ஸ்’ என்று ஒரு மதிப்பெண் அட்டை இருக்கிறது. அரசு ஒரு செயலியை மக்கள் முன் இறக்குவதற்கு முன் நியாயம், அந்தரங்கம், தணிக்கை என்று தலைப்பு வாரியாக மதிப்பெண் போடச் சொல்கிறது அது. நல்ல அட்டை. தனக்கு என்றால் அட்டை கேட்கும் அரசு, எங்களுக்கு என்றால் துணிச்சலைக் கேட்கிறது.

நாங்கள் கேட்பது, வாங்குவதற்கு முன் கருவியைச் சோதித்துப் பார்க்க ஒரு மேசை. மறுப்புகள் வரும். செயற்கை நுண்ணறிவு மாதத்துக்கு மாதம் மாறுகிறதே, நீங்கள் சோதித்து முடிப்பதற்குள் சரக்கு பழசாகிவிடுமே என்பது முதலாவது. மாறுவது கருவி, தோல் மாறுவதில்லை. ஆடு, மாடு, எருமை என்று, குரோமியத்தில் பதனிட்ட ஈரமான வெட் ப்ளூ, கிரஸ்ட், ஃபினிஷ்டு நிலைகளில் சில நூறு தோல்களை, மூத்த செலக்டர்கள் தனித்தனியாகக் குறித்த தரத்தோடு ஓர் அறையில் வைத்திருந்தால் போதும். எந்தப் புதுக் கருவி வந்தாலும் அதே தோல்களை அது பார்க்கட்டும். செலக்டர்களே ஒத்துப்போகாத தோல்களும் கட்டில் இருக்க வேண்டும். அங்கேதான் கருவியின் குணம் தெரியும். அந்த வேலைக்கு வரும் செலக்டருக்கு நாள் கூலி தந்துவிடுங்கள், அவர் வேலைக்குத்தான் இந்தக் கருவி குறி வைக்கிறது.

பெரிய கம்பெனிகள் வாங்கட்டும், சின்னவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்பது இரண்டாவது. பெரியவர்களிடம் சோதித்துப் பார்க்க ஆளும் இருக்கிறது, சோதனை முடிவைப் பூட்டிவைக்கப் பெட்டியும் இருக்கிறது. மானியம் கொடுத்தால் போதாதா என்பது மூன்றாவது. சோதனையில்லாத மானியம் எங்கள் கணக்கில் ஏறி விற்பனையாளர் கணக்கில் இறங்கும். நடுவில் எங்களுக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும் ஒரு குழுப் புகைப்படமும். ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் மையங்கள் வழியாகச் சிறு நிறுவனங்களுக்கு முதலில் சோதனை, பிறகு முதலீடு என்ற வரிசையில்தான் உதவுகிறது. 2024-ல் சிங்கப்பூர் தன் சிறு நிறுவனங்கள் இந்தக் கருவிகளை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது.

நான்காவது மறுப்பு எங்கள் பக்கத்திலிருந்தே வரும், அதுதான் கனமானது. சோதனை என்று ஆரம்பித்தால் நாளை அது கட்டாயச் சான்றாகும், சான்றுக்கு ஒரு ஆய்வாளர் வருவார், ஆய்வாளர் வந்தால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பயம் நியாயமானது. ஆகவே கேட்பது உரிமம் அல்ல, முத்திரையும் அல்ல. விரும்பியவர் போகலாம், விரும்பாதவர் போக வேண்டாம். அறிக்கை ஒரு பக்கம், தமிழில், எந்தக் குறையைக் கருவி தவறவிட்டது, எதைத் தவறாகப் பிடித்தது என்று. சந்தா நின்றால் நம் தரவு திரும்பக் கிடைக்குமா, நம் தோலின் படங்களும் பையரின் டிசைனும் யாருக்குச் சொந்தமாகும் என்பதும் அதில் இருக்கட்டும். அறிக்கையைக் காட்டச் சொல்லி எந்த அதிகாரியும் டேனரி வாசலுக்கு வரக் கூடாது. கருவியின் மதிப்பெண்ணை மட்டும் விற்பனையாளர் பெயரோடு ஊரறியப் போட்டுவிடலாம். விற்பனையாளர் சம்மதிக்க மாட்டார் என்று கவலை வேண்டாம். சம்மதிக்காதவர் யார் என்று தெரிந்தாலே எங்களுக்குப் பாதிச் சோதனை முடிந்த மாதிரி.

இப்படிக்கு,
வேலூர் – ஆம்பூர் தோல் வட்டாரத்திலிருந்து ஒருவர்

இணைப்பு: ஆட்டுத்தோல் ஒன்று, கிரஸ்ட், ஐந்து சதுர அடி. இதில் உண்ணிக்கடி எத்தனை, தரம் என்ன என்று தங்களுக்குப் பிடித்த செயலியிடம் கேட்டுத் தெரிவிக்கவும். தோலைத் திருப்பி அனுப்பிவிடவும். ஆர்டரில் ஒன்று குறைகிறது.