சூடு காட்டினீங்களா?

காருக்கு ஓனர் உண்டு, டிரைவர் உண்டு, மெக்கானிக் உண்டு. இந்த மூன்று பேரிலும் சேராத இன்னொரு ஆள் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் இருக்கிறார். நீங்கள் காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழைய ஸ்டிக்கர் ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள். கால் மணி நேரத்துக்குள் ஒரு நிழல் விழும். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, நாலாய் மடித்த செய்தித்தாள். ரிட்டயர் ஆனவர். சொந்தத்தில் கார் கிடையாது. மூத்த குடிமக்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதாமாதம் கொடுக்கும் 10 இலவச டோக்கனையே கணக்குப் பார்த்துக் கிழிக்கிறவர். ஆனால் கார் பெயின்ட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

இதை நக்கலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியும். சங்கடமே அங்கேதான் இருக்கிறது. அரைகுறையாய் உளறுகிறவர் என்றால் தலையாட்டி அனுப்பிவிடலாம். இவர் சொல்வதெல்லாம் சரியாக இருந்து தொலைக்கிறது. என்ன, சொல்கிற நேரம்தான் உதைக்கும். எதைச் செய்யக் கூடாதோ அதை நீங்கள் செய்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசத் தூக்கோடு வந்து நிற்பவர் அவர்.

2024 மே மாதம் அவருக்கு நல்ல சீசன். தனியார் வண்டிகளில் பிரஸ், தலைமைச் செயலகம், மின்வாரியம், மாநகராட்சி, போலீஸ், ராணுவம் என்றெல்லாம் ஒட்டிக்கொண்டு திரிந்தால் மே 2 முதல் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அறிவித்திருந்தது. முதல் தடவை 500 ரூபாய். ஊரில் பாதிப் பேர் நகமும் கையுமாய்க் கார் பின்னால் உட்கார்ந்தார்கள்.

எங்கள் பி பிளாக்கில் ஒருவரின் சகலைக்குத் தலைமைச் செயலகத்தில் வேலை. அந்த உறவின் பலத்தில் இவருடைய சிவப்பு ஆல்ட்டோவின் டிக்கி கதவிலும் ‘தலைமைச் செயலகம்’ என்று வெள்ளை எழுத்து. மே தின லீவில், காலைக் காபி குடித்த கையோடு ஷேவிங் பிளேடை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். ‘தலைமை’ முழுவதையும் சுரண்டி முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தபோது நம்மவர் எதிரில் நின்றார்.

“சூடு காட்டினீங்களா?”

“இல்லையே சார்.”

“த்சொ.”

அந்த ‘த்சொ’வைத் துக்க வீட்டில்கூட அவ்வளவு உருக்கமாகக் கேட்டிருக்க முடியாது. அப்புறம் விளக்கம். “இது வினைல் சார். புதுசுல வளைஞ்சு கொடுக்கும். அப்படி வளையறதுக்குன்னே அதுல ஒரு சரக்கு சேர்த்திருப்பான். வருஷக்கணக்கா வெயில்ல நின்னா அது வெளியேறிடும். மொறமொறன்னு ஆயிடும். சுரண்டினா இப்படித்தான் தூள் தூளா வரும். பிளேடு பெயின்ட்டைக் கீறும். பாருங்க, கீறியிருக்கு.”

பார்த்தோம். கீறியிருந்தது.

மகளின் ஹேர் டிரையர் கீழே வந்தது. நம்மவர் அதைத் தொடவில்லை. அவர் எதையும் தொடமாட்டார், கையில் பேப்பர் இருக்கிறதே. “தள்ளிப் பிடிங்க. ஒரே இடத்துல காட்டாதீங்க, ஆட்டிக்கிட்டே இருங்க. கை வச்சா பொறுக்கிற சூடு போதும். ஓரத்தை நகத்தால கிளப்புங்க. மேலே இழுக்காதீங்க, மடிச்சு, படுக்கவாட்டுல, மெதுவா.” ‘செயலகம்’ ஐந்தெழுத்தும் நொறுங்காமல், முழுசு முழுசாய், மழித்த கன்னம்போல் இடத்தை விட்டுவிட்டுக் கழன்று வந்தன. இவ்வளவுதானா விஷயம் என்று ஆல்ட்டோக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் நன்றி பாதி, கொலைவெறி பாதி.

ஸ்டிக்கர் போனாலும் பிசின் போகவில்லை. பார்க்கிங் புழுதி அதில் படிந்து, வெள்ளையாய் இருந்த எழுத்து கறுப்பாய்த் திரும்பி வந்தது. அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். மூன்றாவது மாடிப் பையன் அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரோடு ஓடி வந்தான். எழுத்தைத் துடைக்கும்போது கொஞ்சம் வழிந்து பம்பரில் இறங்கியது. நம்மவர் அது இறங்கி முடியும்வரை காத்திருந்தார். “அது அசிட்டோன். பிளாஸ்டிக்ல படக் கூடாது, வெளுத்துடும்.” வெளுத்திருந்தது. “விளக்குக் கண்ணாடியில பட்டுடாம பார்த்துக்குங்க, அதுவும் பிளாஸ்டிக்தான்.” இந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொன்னார் என்பதைப் பதிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது தின்னர். யார் வீட்டிலோ கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மிச்சமானது. துணியில் நனைத்து ‘தலைமை’ இருந்த இடத்தில் ஒரு தேய். துணி சிவந்தது. இன்னொரு தேய், இன்னும் சிவந்தது. எல்லோரும் நம்மவர் முகத்தைப் பார்த்தோம்.

“கம்பெனி பெயின்ட்டுன்னா இப்படிக் கலர் வராதே” என்றார் நிதானமாக. “சூளையில வச்சுச் சுட்டது. மேல கிளியர் கோட் வேற இருக்கும். தின்னரை ஒரு தடவை துடைச்சதுக்கெல்லாம் அசையாது. இது பட்டறையில அடிச்ச பெயின்ட். வண்டி பின்னாடி எங்கேயோ வாங்கியிருக்கு.”

ஆல்ட்டோ செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ‘ஒரு கோடு விழாத வண்டி சார், டாக்டர் ஓட்டினது’ என்று புரோக்கர் சத்தியம் செய்து கொடுத்தது. ஒரு ஸ்டிக்கரை உரிக்கப் போய் அந்தச் சத்தியமும் சேர்ந்து உரிந்துவிட்டது. ஆல்ட்டோக்காரர் போனை எடுத்துக்கொண்டு செடிப் பக்கம் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை, என்ன தொனியில் பேசினார் என்பது இரண்டு பிளாக்குக்கும் கேட்டது.

திரும்பி வந்தவரிடம் நம்மவர் சொன்னார்: “தேங்காய் எண்ணெய் போதுமே சார் இதுக்கு.”

இதை ஒரு மணி நேரம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

வண்டியை நிழலில், உடம்பு ஆறும்வரை விட்டு, துணியில் எண்ணெயை நனைத்துப் பிசின்மேல் பரப்பி ஊறப்போட வேண்டும். உரிக்கத்தான் சூடு. பிசின் எடுக்கக் குளிர்ச்சி வேண்டும். ஊறுகிற நேரத்தை அவர் வீணாக்குவதில்லை. அமெரிக்காவில் கார்களுக்கு இரட்டை வண்ணம் அடிப்பது மோஸ்தராக இருந்த காலத்தில், மறைப்புக்கு ஒட்டிய காகிதத்தைப் பிய்க்கும்போது பெயின்ட்டும் கூடவே வந்ததாம். உப்புத்தாள் விற்றுக்கொண்டிருந்த 3எம் கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ அதைப் பார்த்துவிட்டு 1925-இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். “பெயின்ட் உரியக் கூடாதுன்னுதான் சார் அந்த டேப்பே பொறந்துது. பத்து வருஷத்துல, 1935-ல, ஸ்டான்டன் ஏவரின்னு ஒருத்தன் தானே ஒட்டிக்கிற லேபிள் போட்டான். அங்கேதான் கெட்டுது.” நடுவில் யாரோ டபிள்யூடி-40 டப்பாவை நீட்ட, அதற்கும் கதை இருந்தது. 1953-இல், ராக்கெட் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது, நாற்பதாவது தடவைதான் சரியாக வந்தது, அதனால்தான் பேரில் 40. அன்றைக்கு ஐந்தாவது வைத்தியத்தில் இருந்த ஆல்ட்டோக்காரருக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊறிய பிசின் கட்டைவிரலுக்குக் கீழே உருண்டு திரண்டு, அழுக்கு மணிகளாய் உதிர்ந்தது. ஷாம்பு போட்டு எண்ணெயைக் கழுவித் துடைத்தார்கள். கதவு பளபளவென்று இருந்தது. ஆல்ட்டோக்காரர் ரசிப்பதற்காக நாலடி பின்னே போய்க் கொஞ்சம் சாய்ந்து பார்த்தார்.

‘செயலகம்’ இருந்தது.

ஸ்டிக்கரும் இல்லை, பிசினும் இல்லை, எழுத்து மட்டும் நன்றாகப் படிக்கிற மாதிரி இருந்தது. சுற்றியுள்ள சிவப்பு இத்தனை வருஷ வெயிலில் வெளிறிவிட்டது. எழுத்துக்கு அடியில் ஒளிந்திருந்த சிவப்பு அடித்த அன்றைக்கு இருந்த மேனிக்கே இருக்கிறது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கலாமா என்று பையன் கேட்டான். “தேய்க்கத் தேய்க்கப் பெயின்ட்தான் போகும். கம்பெனி கிளியர் கோட்டே தலைமுடியை விட மெலிசு. இது பட்டறை பெயின்ட், தாங்காது” என்று நம்மவர் தடுத்தார்.

“அப்ப என்னதான் சார் வழி?”

“வெயில் பண்ணின வேலை, வெயிலே சரி பண்ணும். மூணு நாள்ல கத்திரி ஆரம்பம். வண்டியைக் கூரைக்கு அடியில விடாதீங்க, வெளியில நிறுத்துங்க. எழுத்தும் வெளிறி மத்ததோட ஒண்ணாயிடும். ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு.”

மறுநாளிலிருந்து ஆல்ட்டோ காம்பவுண்ட் சுவரோரம் மொட்டை வெயிலில் நின்றது. கீழ்த்தளத்தில் அதன் இடம், தூண் ஓரம், நல்ல காற்று வரும் இடம், காலியாகக் கிடந்தது. இப்போது அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நம்மவர் பேப்பர் படிக்கிறார். யாராவது வண்டியை அந்தப் பக்கம் திருப்பினால், பேப்பரைத் தாழ்த்தாமலே, “பி பிளாக் இடம் சார் இது, விடக் கூடாது” என்கிறார்.