ஓய்வுக்கு ஒரு டைம்டேபிள்

மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால், தெருநாய்கூட நிறுத்திவைத்த லாரிக்கு அடியில் நிழல் பார்த்துப் படுத்துவிடுகிறது. வருஷம் முழுக்கப் பள்ளிக்கு ஓடிய பிள்ளைக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. கோடை முகாம் என்ற பெயரில் ஆறு மணிக்கு நீச்சல், ஒன்பதுக்கு அபாகஸ், பதினொன்றுக்கு கீபோர்டு, மாலையில் கையெழுத்துப் பயிற்சி. முடிவில், பெயரைத் தப்பாக அச்சடித்த ஒரு சான்றிதழ். பெரியவர்களின் ஓய்வும் இதே லட்சணம்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் படையெடுத்த கார்களைக் கண்டு உயர் நீதிமன்றமே தலையிட, 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. இளைப்பாறவும் அனுமதிச் சீட்டு! வெள்ளைக்காரன் கோடையில் அரசாங்கத்தையே ஊட்டிக்குத் தூக்கிப் போனானே என்பார்கள். போனவன் மாதக்கணக்கில் தங்கினான். இரண்டு நாளில் எட்டு ‘பாயின்ட்’ பார்த்துவிட்டு ஞாயிறு ராத்திரி மலையிறங்கவில்லை.

அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையை எங்கே விடுவது என்று கேட்டால், நியாயமான கேள்வி. அப்படியென்றால் முகாமைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடமாகவே வைத்துக்கொள்ளலாம். அங்கே மேதையை எதிர்பார்ப்பானேன்? சும்மா விட்டால் செல்போனில் விழுந்துவிடும் என்பது அடுத்த வாதம். அதைச் சொல்பவர் செல்போனிலிருந்து தலை நிமிர்ந்து சொன்னால் இன்னும் எடுபடும். வெயிலுக்கென்று ஓர் ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது: விடியலில் வேலை, முற்பகலில் நீராகாரமோ நுங்கோ, உச்சிவேளையில் தூக்கம், வெயில் தாழ்ந்தபின் தெரு. இதற்குக் கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. முகாமுக்குக் கட்டிய பணம் போனது போகட்டும்; நாளை மதியமாவது பிள்ளையைத் தூங்க விடுங்கள்.